கறுப்பு மணலுக்குள் இரண்டு உலோகம்: இரும்பும் டைட்டேனியமும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

திருகோணமலையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். புல்மோட்டைப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளில் யாராவது ஒருவர் ஏதோ ஒரு நாள் தண்ணீர்ப் போத்தலில் கறுப்பு மணலைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "சேர், இதுக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்பார். அந்தக் கேள்வியோடு வகுப்பு தடம் மாறிவிடும். பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும், படகு வைத்திருப்பவர்களும், வெல்டிங் கடைக்காரர்களும் இத்தனை வருடத்தில் என்னிடம் கேட்டவற்றைத் திரட்டி, பதில்களோடு இங்கே எழுதுகிறேன்.

உலகத்தில் எத்தனையோ உலோகம் இருக்க, ஏன் இரும்பையும் டைட்டேனியத்தையும் சேர்த்துப் பேசுகிறீர்கள்?

நமது மாவட்டத்தில் இரண்டும் ஒரே மணலுக்குள் இருப்பதால்தான். நகரத்திலிருந்து வடக்கே நிலாவெளி, குச்சவெளி தாண்டிப் போனால் ஏறக்குறைய 55 கிலோமீற்றரில் புல்மோட்டை. அங்கே கடற்கரை கறுப்பாக இருப்பதற்கு முக்கிய காரணம் இல்மனைட் என்ற கனியம். அதில் ஒரு இரும்பு அணு, ஒரு டைட்டேனியம் அணு, மூன்று ஒட்சிசன் அணுக்கள் என்ற கணக்கில் சேர்ந்திருக்கும். சுத்தமான இல்மனைட் 100 கிராம் எடுத்தால் அதில் சுமார் 37 கிராம் இரும்பு, 32 கிராம் டைட்டேனியம், மீதி ஒட்சிசன். ஒரே மணலில் பிறந்த இரண்டில் ஒன்று வீதியோரக் கடையில் கிலோக் கணக்கில் விற்கிறது. மற்றது விமானத்துக்கும் எலும்புக்கும் போகிறது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போனால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் போய் நிற்பீர்கள்: ஒட்சிசனை எது எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதில்.

கறுப்பு மணல் காந்தத்தில் ஒட்டுகிறதே, அப்போ அது இரும்புத்தூள்தானே?

இல்லை. இரும்புத்தூளாக இருந்திருந்தால் நமது கடற்காற்றில் என்றோ சிவந்து கறளாகியிருக்கும். இல்மனைட்டில் இருக்கும் இரும்பு தனி உலோகமாக இல்லை, ஒட்சிசனோடு கட்டுண்டு இருக்கிறது. காந்தம் அதை மெதுவாகத்தான் இழுக்கிறது. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் சின்னக் காந்தத்தைக் காட்டினால் பெரும்பாலான மணிகள் அசையாது. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினால் கிடைக்கும் பலமான காந்தத்தைக் காட்டினால் எழும்பும். சின்னக் காந்தத்துக்கே துள்ளி ஒட்டும் மணிகள் இருந்தால் அவை மக்னடைட் என்ற வேறு இரும்புக் கனியமாக இருக்கும்.

இதே பரிசோதனையில்தான் டைட்டேனியமே கண்டுபிடிக்கப்பட்டது. 1791இல் இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியில் வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார் ஓர் ஓடைக் கரையில் காந்தம் இழுக்கும் கறுப்பு மணலைக் கண்டார். இரும்பைப் பிரித்த பிறகும் அதில் யாருக்கும் தெரியாத வெள்ளை ஒட்சைட்டு ஒன்று மிஞ்சியது. நான்கு வருடம் கழித்து ஜேர்மனியின் கிளாப்ரோத் அதே பொருளை உரூடைல் என்ற கனியத்தில் கண்டு, கிரேக்கப் புராணத்து டைட்டன்களின் பெயரை வைத்தார். புல்மோட்டைப் பிள்ளை போத்தலில் கொண்டுவருவதும் கிரெகர் கையில் எடுத்ததும் ஒரே கனியம்தான். இதை வகுப்பில் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் மெய் சிலிர்க்கும்.

பரீட்சைக்குத் தேவையான எண்களைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

டைட்டேனியத்தின் அணுவெண் 22, இரும்புக்கு 26. இரண்டும் ஆவர்த்தன அட்டவணையின் நான்காம் ஆவர்த்தனத்தில், தாண்டல் மூலகங்களின் வரிசையில் இருப்பவை. அடர்த்தி டைட்டேனியத்துக்குக் கன சென்ரிமீற்றருக்கு 4.5 கிராம், இரும்புக்கு 7.87 கிராம். உருகுநிலை முறையே 1668, 1538 பாகை செல்சியஸ். இரும்பு பெரும்பாலும் +2, +3 நிலைகளில் இருக்கும். டைட்டேனியத்துக்கு மிகவும் உறுதியான நிலை +4. அதாவது அதன் வெளியே உள்ள நான்கு இலத்திரன்களையும் விட்டுக்கொடுத்துவிடும். நிறம் தரக்கூடிய இலத்திரன் அதில் மிஞ்சாது, இரும்பில் மிஞ்சும். அதனால்தான் டைட்டேனியம் ஈரொட்சைட்டு வெள்ளையாகவும், இரும்புச் சேர்வைகள் பச்சை, மஞ்சள், செம்மண் என்று நிறம் காட்டுவதாகவும் இருக்கின்றன. பூமியின் மேலோட்டில் இரும்பு சுமார் 5 சதவீதம், டைட்டேனியம் ஏறக்குறைய 0.6 சதவீதம். ஆக, டைட்டேனியம் அரிதான மூலகம் அல்ல. செம்பைவிட எவ்வளவோ அதிகம்.

எது பலமானது?

கேள்வியைக் கொஞ்சம் உடைத்துப் பார்க்க வேண்டும். கட்டடக் கம்பி மாதிரியான சாதாரண மென்னுருக்கு ஏறக்குறைய 400 மெகாபஸ்கால் இழுவையைத் தாங்கும். கலப்பில்லாத டைட்டேனியமும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அலுமினியம் 6 சதவீதமும் வனேடியம் 4 சதவீதமும் கலந்த டைட்டேனியக் கலப்புலோகம் 900 மெகாபஸ்கால் வரை போகும். ஆனால் உருக்கிலும் அதைத் தாண்டிய வகைகள் உண்டு. விசேட உருக்குகள் 2000 மெகாபஸ்காலைத் தொடுகின்றன. ஆகவே "டைட்டேனியம் உருக்கைவிடப் பலமானது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது பிழை.

எடையைக் கணக்கில் எடுத்தால்தான் கதை மாறுகிறது. ஒரே பருமனில் டைட்டேனியம் இரும்பின் எடையில் 57 சதவீதம்தான். விமானத்தில் ஒவ்வொரு கிலோவும் எரிபொருள். போயிங் 787 விமானத்தின் எடையில் ஏறக்குறைய 15 சதவீதம் டைட்டேனியம்.

இன்னொன்றை மறந்துவிடக் கூடாது. டைட்டேனியம் வளையும். அதே தடிப்புள்ள இரண்டு கம்பிகளில் ஒரே எடையைத் தொங்கவிட்டால் டைட்டேனியக் கம்பி இரும்புக் கம்பியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வளைந்து, எடையை எடுத்ததும் நிமிரும். பாலத்துக்கு இது குறை. எலும்புக்குள் வைக்கும் தகட்டுக்கு இதுவே நல்லது.

கடலோரத்தில் வீடு கட்டினால் இரும்பு ஏன் இவ்வளவு சீக்கிரம் கறள் பிடிக்கிறது? டைட்டேனியத்துக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை?

கடலோர ஊரான உப்புவெளியில் ஜன்னல் கம்பி வைத்தவர்களுக்கு இந்தக் கேள்வி வயிற்றெரிச்சல். ஒரு மழைக்காலம் தாண்டினால் பெயின்ற் கொப்புளித்து, கையை வைத்தால் செதிலாக உதிரும்.

பலர் நினைப்பது போல டைட்டேனியம் ஒட்சிசனோடு சேராத உலோகம் அல்ல. இரும்பைவிட வேகமாக, இரும்பைவிட இறுக்கமாகச் சேரும். ஒரு மூல் (32 கிராம்) ஒட்சிசன் வாயுவோடு டைட்டேனியம் சேரும்போது 944 கிலோயூல் வெப்பம் வெளிவரும். இரும்பு சேர்ந்து செவ்வொட்சைட்டாகும்போது 549 கிலோயூல்தான். டைட்டேனியத்தைக் கீறினால் அந்தக் கீறல் கண் இமைப்பதற்குள் ஒட்சைட்டால் மூடப்பட்டுவிடும். அந்தப் படலம் ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் சில பங்கு தடிப்புத்தான். ஆனால் நெருக்கமானது, உலோகத்தோடு ஒட்டிப் பிடித்திருப்பது, உப்பு நீர் ஊடுருவாதது. உள்ளே இருக்கும் உலோகத்துக்கு அதன் பிறகு ஒட்சிசனே போய்ச் சேராது.

இரும்பின் கறள் அப்படி இல்லை. அது நீரைக் குடித்த, நுண்துளை நிறைந்த, பொருக்கு மாதிரியான பொருள். உலோகம் எடுத்திருந்த இடத்தைவிடக் கறளுக்கு இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை இடம் வேண்டும். இடம் போதாமல் வெடித்து உதிர்கிறது. உதிர்ந்த இடத்தில் புது இரும்பு காற்றுக்கும் உப்புக்கும் திறந்துவிடும். திரும்பவும் அதே கதை. கொங்கிறீட் தூணுக்குள் கம்பி கறள் பிடித்தால் தூணே வெடிப்பதற்கு இதுதான் காரணம். கடல் காற்றில் வரும் உப்பின் குளோரைட்டு அயன் இதை இன்னும் வேகப்படுத்துகிறது. கொங்கிறீட் குழைக்கக் கடல் நீரையோ கழுவாத கடற்கரை மணலையோ பாவிக்கக் கூடாது என்று மேசன்மார் சொல்வது அதனால்தான். வீடு கட்டும் எல்லோரிடமும் இதை நான் கெஞ்சிக் கேட்பேன்: கம்பிக்கு மேல் கொங்கிறீட் மூடல் குறையக் கூடாது. கம்பியைக் காப்பது அந்தச் சில அங்குலம்தான்.

அப்படியானால் துறைமுகத்தில் மூழ்கிய கப்பல் எப்படி அத்தனை வருடம் தாக்குப்பிடித்தது?

நல்ல கேள்வி, அடிக்கடி வருவதும்கூட. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது எஸ்.எஸ். சகாயிங் என்ற கப்பல் தீப்பிடித்தது. அடுத்த வருடம் அதை வேண்டுமென்றே மூழ்கவிட்டு மேலே இறங்குதுறையாகப் பாவித்தார்கள். 2018இல் கடற்படை அதை மீண்டும் மிதக்க வைத்தது. 75 வருடம் கடலுக்குள் கிடந்த உருக்குடல் அது.

கறளுக்கு நீரும் ஒட்சிசனும் இரண்டும் வேண்டும். அலை அடித்து நனைந்து, பிறகு காற்றில் காய்கிற வலயத்தில்தான் இரண்டும் தாராளமாகக் கிடைக்கும். அங்கேதான் இரும்பு மிக வேகமாகத் தின்னப்படும். எப்போதும் நீருக்குள்ளே இருக்கும் பகுதிக்கு ஒட்சிசன் குறைவு. சேற்றுக்குள் புதைந்த பகுதிக்கு இன்னும் குறைவு. மேலே சிப்பியும் பாசியும் வளர்ந்து மூடினால் அதுவும் ஒரு போர்வை. சீனக்குடாக் காட்டுக்குள் நிற்கும் பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்தவர்களுக்கு மறுபக்கம் விளங்கும். அவை கடலுக்குள் இல்லை, காற்றிலும் மழையிலும் நிற்கின்றன. கவனிப்பில்லாமல் விட்ட தாங்கிகள் எவ்வளவு செம்பழுப்பாகிவிட்டன என்பதை வீதியில் போகும்போதே காணலாம்.

ஒரு கடற்கரை முழுக்க மணல் கிடக்க, டைட்டேனியம் ஏன் இவ்வளவு விலை?

மணல் மலிவு. அதிலிருந்து ஒட்சிசனைப் பிடுங்குவதுதான் விலை.

இரும்புத் தாதோடு கரியைச் சேர்த்துச் சூடாக்கினால் கரியிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு ஒட்சிசனை எடுத்துக்கொண்டு போய்விடும், இரும்பு மிஞ்சும். நமது முன்னோர்களே இதைச் செய்திருக்கிறார்கள். சமனலவாவிப் பக்கத்து மலைச் சரிவுகளில் தென்மேல் பருவக்காற்றையே துருத்தியாக்கி இரும்பு உருக்கிய உலைகளைத் தொல்லியலாளர்கள் கண்டெடுத்தார்கள். ஓர் உலையும் காற்றும் கரியும் போதும்.

டைட்டேனியத்திடம் இந்த வித்தை பலிக்காது. கரியோடு சூடாக்கினால் அது கரியையே பிடித்துக் காபைட்டாகிவிடும். காற்றில் சூடாக்கினால் ஒட்சிசனையும் விடாது, நைதரசனையும் விடாது. அப்படி உறிஞ்சிய உலோகம் நொறுங்கும். அதனால் சுற்றுவழி போக வேண்டும். முதலில் கனியத்தைக் கரியோடும் குளோரினோடும் சுமார் 900 பாகைக்கு மேல் சூடாக்கி டைட்டேனியம் நாற்குளோரைட்டு என்ற திரவமாக்குகிறார்கள். அது 136 பாகையில் கொதிப்பதால் காய்ச்சி வடித்துச் சுத்தம் செய்யலாம். பிறகு காற்றே இல்லாத, எதனோடும் சேராத ஆகன் வாயு நிறைந்த உருக்குப் பாத்திரத்துக்குள் உருகிய மகனீசியத்தோடு 800 பாகையைத் தாண்டிய சூட்டில் விட வேண்டும். மகனீசியம் குளோரினை எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது கடற்பஞ்சு மாதிரித் துளைத்த டைட்டேனியக் கட்டி. அதை உடைத்து, வெற்றிடத்துக்குள் திரும்ப உருக்க வேண்டும். ஒரு தொகுதிக்கே நாட்கணக்கு ஆகும்.

இந்த முறையை உருவாக்கியவர் லக்சம்பேர்க்கைச் சேர்ந்த வில்லியம் குரோல், 1930களில். அதற்கு முன் 1910இல் அமெரிக்காவில் மத்தியூ ஹன்ரர் சோடியத்தைக் கொண்டு முதன்முதலாகச் சுத்தமான டைட்டேனியத்தை எடுத்திருந்தார். கிரெகர் மணலைக் கண்ட நாளிலிருந்து கணக்கிட்டால் 119 வருடம்! அவ்வளவு பிடிவாதமான பிடி அது. உலகத்தில் இன்று ஆண்டுக்கு 180 கோடி தொன்னுக்கு மேல் உருக்கு வார்க்கிறார்கள். டைட்டேனியப் பஞ்சு சில இலட்சம் தொன்தான்.

அப்போ புல்மோட்டை மணல் விமானமாகிறதா?

பெரும்பாலும் பெயின்ற் ஆகிறது. உலகில் தோண்டப்படும் டைட்டேனியக் கனியத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உலோகமாவதே இல்லை, டைட்டேனியம் ஈரொட்சைட்டு என்ற வெள்ளைப் பொடியாகிறது. இந்தப் பொடி வைரத்தைவிட அதிகமாக ஒளியை முறிக்கும். மெல்லிய பூச்சே கீழே இருக்கும் நிறத்தை மறைத்துவிடுவது அதனால்தான். உங்கள் வீட்டுச் சுவர், வீதியின் வெள்ளைக்கோடு, வெயிலுக்குப் பூசும் கிறீம், பற்பசை என்று எங்கும் இருக்கிறது. உணவில் சேர்ப்பதை மட்டும் ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் தடைசெய்துவிட்டது.

புல்மோட்டையில் கனிய மணல் கூட்டுத்தாபனம் தொடங்கியது 1957இல். மணலை இல்மனைட், உரூடைல், சேர்க்கன் என்று காந்தத்தாலும் மின்னாலும் பிரித்துக் கப்பலில் ஏற்றுவதோடு நமது பங்கு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. பெறுமதி கூடுவது அதற்குப் பிறகான படிகளில். இது எனக்குப் பெரிய மனவருத்தம். உயர்தரப் பாடத்திட்டத்திலேயே டைட்டேனியம் ஈரொட்சைட்டு உற்பத்தி இருக்கிறது. சமன்பாட்டை மனப்பாடம் செய்யும் பிள்ளையின் வீட்டிலிருந்து மணல் ஒரு மணித்தியாலப் பயணத்தில் கிடக்கிறது. ஆனால் அந்தத் தாக்கம் நடக்கும் தொழிற்சாலையைப் பார்க்க அந்தப் பிள்ளை வெளிநாடு போக வேண்டும். குளோரினைக் கையாளும் தொழில் ஆபத்தானது, அதன் கழிவுக்கும் ஒழுங்கான வழி வேண்டும் என்பதும் உண்மைதான். கரையோர மக்களையும் மீனவர்களையும் கேட்காமல் அதைத் தொடங்கக் கூடாது.

படகுக்கு டைட்டேனியம் போல்ட் போடலாமா?

மூதூர்ப் பக்கத்து அண்ணா ஒருவர் கேட்டது. போல்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. பக்கத்தில் இருப்பதுக்குத்தான் ஆபத்து. கடல் நீரில் இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு மின்கலம். டைட்டேனியம் தப்பிவிடும், அதைத் தொடும் அலுமினியமோ இரும்போ அரிக்கப்படும். பெரிய அலுமினியப் பகுதியில் சின்ன டைட்டேனியம் போல்ட் என்றால் அரிப்பு மெதுவாக. பெரிய டைட்டேனியத் தகட்டில் சின்ன இரும்பு ஆணி என்றால் ஆணி சீக்கிரம் காணாமல் போகும். வெளியிணைப்பு இயந்திரத்தில் இருக்கும் நாகக் (துத்தநாகக்) கட்டி இதற்காகவே தன்னைக் கொடுப்பது. அதைத் தேய்ந்தவுடன் மாற்றுங்கள், அதற்குப் பெயின்ற் மட்டும் அடித்துவிடாதீர்கள். மீன்பிடி வள்ளத்துக்கு 316 தரத் துருவுறா உருக்கே போதும் என்பது என் அபிப்பிராயம்.

நமது வெல்டிங் கடையில் டைட்டேனியத்தை ஒட்ட முடியுமா?

ஆகன் வாயு இல்லாமல் முடியாது. சூடான இடம் முழுக்க, பின்பக்கமும் சேர்த்து, ஆறும்வரை ஆகனால் மூடப்பட்டிருக்க வேண்டும். ஒட்டு வெள்ளி நிறமாக இருந்தால் நல்லது. நீலம் அல்லது சாம்பல் வந்தால் சந்தேகம். வெள்ளைப் பொடி வந்தால் அந்த ஒட்டு உடையும். கிரைண்டரில் வரும் டைட்டேனியத் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, உலர்ந்த மணலைப் போடுங்கள்.

அம்மாவின் காலில் தகடு வைத்திருக்கிறார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

டைட்டேனியம் காந்தத்தால் இழுபடாது என்பதால் அந்தத் தகடு இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் பிரச்சினை வருவதில்லை. ஆனால் எல்லாத் தகடும் டைட்டேனியம் அல்ல, உருக்குத் தகடும் வைப்பார்கள். சத்திரசிகிச்சை அட்டையைக் கொண்டுபோய், எடுப்பதற்கு முன் சொல்லிவிடுங்கள். முடிவு வைத்தியருடையது.

எலும்புக்கு டைட்டேனியத்தைத் தேர்வதற்கும் அதே ஒட்சைட்டுப் படலம்தான் காரணம். 1950களில் சுவீடனின் பெர்-இங்வார் பிரனேமார்க் முயலின் எலும்புக்குள் வைத்த டைட்டேனியக் குழாயைக் கழற்றப் பார்த்தார், முடியவில்லை. எலும்பு அதோடு சேர்ந்து வளர்ந்துவிட்டது. 1965இல் முதல் நோயாளிக்குப் பல் பொருத்தினார். இரும்புக்கு உடலில் வேறு வேலை. நமக்குள் ஓடும் சுமார் நான்கு கிராம் இரும்பு இல்லாவிட்டால் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்காது. நுரையீரலில் ஒட்சிசனைப் பிடிக்கவும் தசையில் விடவும் அதற்குத் தெரியும். பிடித்தால் விடாத டைட்டேனியத்தால் அந்த வேலை ஆகாது.

தோசைக்கல்லுக்கு எது நல்லது?

இரும்பு, சந்தேகமே இல்லை. அது டைட்டேனியத்தைவிட மூன்றரை மடங்குக்கு மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்தும். டைட்டேனியச் சட்டியில் நெருப்புப் படும் இடம் கருகும், ஓரம் வேகாது. மலையேறுகிறவர்கள் எடைக்காக அதைச் சுமக்கிறார்கள், அவ்வளவுதான்.

உருகுநிலை அதிகம் என்றால் டைட்டேனியம் அதிகச் சூட்டைத் தாங்குமா?

தாங்காது. 600 பாகை அளவிலேயே ஒட்சிசனை உள்ளே உறிஞ்சத் தொடங்கிவிடும். அதனால் விமான இயந்திரத்தின் முன்பக்க விசிறியில் டைட்டேனியம், நெருப்பெரியும் பின்பக்கத்தில் நிக்கல் கலப்புலோகம்.

"டைட்டேனியம்" என்று விற்கும் கைக்கடிகாரம், கண்ணாடிச் சட்டம் உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?

காந்தம் மட்டும் போதாது, நல்ல துருவுறா உருக்கும் காந்தத்தில் ஒட்டாது. அடர்த்தியைப் பாருங்கள். வேறு பொருள் எதுவும் சேராத உலோகத் துண்டாக இருக்க வேண்டும், உதாரணமாகக் கழற்றி எடுத்த கைக்கடிகாரச் சங்கிலி. நகைக்கடைத் தராசு ஒன்று கிடைத்தால் முதலில் அப்படியே நிறுங்கள். அடுத்ததாக ஒரு கோப்பைத் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, துண்டை நூலில் கட்டி, கோப்பையின் அடியைத் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம் கணக்கே துண்டின் பருமன், கன சென்ரிமீற்றரில். 90 கிராம் துண்டுக்குத் தராசு 20 காட்டினால் 90ஐ 20ஆல் பிரிக்க 4.5, அது டைட்டேனியம். 11 கிராமுக்குக் கொஞ்சம் மேலே காட்டினால் அடர்த்தி 8, அது உருக்கு. நூலில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்குப் பிழைக்கும், தட்டிவிட்டுப் பாருங்கள். போத்தலில் இருக்கும் கறுப்பு மணலுக்கும் இதையே செய்யலாம். மணலை முதலில் நிறுத்துவிட்டு, அளவுச்சாடியில் தண்ணீர் எவ்வளவு உயருகிறது என்று பாருங்கள். அடர்த்தி 4.7க்குக் கிட்ட வந்தால் இல்மனைட், 2.65 வந்தால் அது சாதாரண வெள்ளை மணல்.